பாத்திரம் கழுவப் போகும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

"விமான டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசை அங்கே அனுப்பிவிட்டு நீ வீட்டிலேயே இரு." மிஷன் பணிக்காக ஓராண்டு வெளிநாடு போகப்போகிறேன் என்று சொல்லும் எந்தக் கிறிஸ்தவ இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் இன்று கிடைக்கும் முதல் புத்திமதி இதுதான். வளர்ச்சித் துறைப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, சபைக்குள்ளேயே படித்தவர்கள் ஆமாம் என்கிறார்கள். அனுபவமில்லாத வயது, தெரியாத மொழி, சில மாதத் தங்கல், கறுப்பினக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படம், ஊர் திரும்பியதும் ஆராதனையில் ஒரு சாட்சி. இதனால் போன ஊருக்குக் காசளவு பயனில்லை, போனவருக்குத்தான் மனநிறைவு என்பது அவர்கள் தீர்ப்பு. இந்தியாவில் இதோடு இன்னொரு படமும் சேர்ந்துகொண்டது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர், யாரும் நெருங்கக்கூடாது என்று அரசு தடை செய்திருக்கும் வடக்கு சென்டினல் தீவுக்குள் சுவிசேஷம் சொல்லப் போய் உயிரைவிட்டார். அதற்குப் பிறகு இளம் மிஷனரி என்றாலே நம்மில் பலருக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தத் தீர்ப்பு தவறு. அதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உண்மையான குற்றத்தைப் பிடித்துவிட்டு, அதற்கான தண்டனையைத் தவறான ஆளுக்குக் கொடுக்கிறது.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களையே எடுத்துக்கொள்கிறேன். இவான் இல்லிச் கத்தோலிக்கப் பாதிரியார். மெக்சிகோவில் வாழ்ந்தவர். 1968 ஏப்ரலில், மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யப் புறப்பட்ட வட அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில், அவர்களின் முகத்துக்கு நேரே பேசினார். உங்களுக்கு அந்த மக்களின் மொழி தெரியாது, நீங்கள் அங்கே கொண்டுபோவது உங்கள் நாட்டு நடுத்தரவர்க்க வாழ்க்கையின் விளம்பரத்தைத்தான், பார்க்க வாருங்கள், கற்றுக்கொள்ள வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அந்த உரையின் சாரம். அரை நூற்றாண்டு கடந்தும் அதற்கு ஈடான கண்டனத்தை வேறு யாரும் எழுதவில்லை. 2009-இல் அமெரிக்க சுவிசேஷ சபைகளுக்குள்ளிருந்தே ஸ்டீவ் கார்பெட், பிரையன் ஃபிக்கெர்ட் இருவரும், உதவி எப்படிக் காயப்படுத்துகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். 2012-இல் நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் டேஜு கோல், ஆப்பிரிக்கா என்பது வெள்ளையர்கள் தங்கள் மீட்பர் ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் மேடையாகிவிட்டது என்று சாடினார்.

நடந்த கேடுகளும் கொஞ்சமல்ல. கம்போடியாவில் பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து அடைத்து அனாதை இல்லங்கள் பெருகின. வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் கொண்டுவரும் பணமும்தான் காரணம். இப்படிப்பட்ட கடத்தலை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே ஆஸ்திரேலியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. உகாண்டாவின் ஜிஞ்சாவில், மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண் சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்கான மையம் ஒன்றை நடத்தினார். அங்கே குழந்தைகள் இறந்தார்கள், தாய்மார் நீதிமன்றம் போனார்கள்.

இவற்றில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம்? ஜிஞ்சாவில் நடந்தது என்ன என்று நிதானமாகப் பாருங்கள். அந்தப் பெண் இளையவர் என்பதோ, வெளிநாட்டவர் என்பதோ, விசுவாசி என்பதோ குழந்தைகளைக் கொல்லவில்லை. எந்தத் தகுதியும் இல்லாத அவரை அந்த இடத்தின் தலைவராக்கியதுதான் கேடு. "இதை நீ செய்யக்கூடாது" என்று கையைப் பிடித்துத் தடுக்க அவருக்கு மேலே அங்கு யாரும் இருக்கவில்லை. இல்லிச் கண்டித்த மாணவர்களும் அப்படித்தான். கிராமத்துக்குள் போன முதல் நாளே ஊர்க்காரர்களுக்கு மேலே ஆசிரியர்களாகவும் ஆலோசகர்களாகவும் உட்கார்ந்தார்கள். சென்டினல் தீவுக்குத் தனியாகத் துடுப்புப் போட்டுப் போனவருக்கும் மேலே அந்த நேரத்தில் யாரும் இல்லை. குற்றம் அந்த அதிகாரத்தில் இருக்கிறது. வயதின் மீதும் பாஸ்போர்ட்டின் மீதும் ஜெபத்தின் மீதும் அதைச் சுமத்துகிறவர்கள், கீழ்ப்படிந்து வேலை செய்யப் போகும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறார்கள்.

அவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே ஒரு கப்பலைப் பற்றிச் சொல்கிறேன்.

மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பை 1978-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டான் ஸ்டீபன்ஸ், டேயான் ஸ்டீபன்ஸ் தம்பதியர் தொடங்கினார்கள். பழைய இத்தாலியப் பயணிகள் கப்பல் ஒன்றை வாங்கி அனஸ்தாசிஸ் என்று பெயரிட்டு, அதற்குள் ஆபரேஷன் தியேட்டர் கட்டினார்கள். 2007-இல் ஆப்பிரிக்கா மெர்சி பணிக்கு வந்தது. அது டென்மார்க்கில் ரயில்களை ஏற்றிக்கொண்டு நீரிணை கடந்துகொண்டிருந்த கப்பல். ரயில் பெட்டிகள் நின்ற தளத்தில் ஆஸ்பத்திரி அமைந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்கென்றே சீனாவில் கட்டப்பட்ட குளோபல் மெர்சி: 174 மீட்டர் நீளம், 12 தளங்கள், 6 ஆபரேஷன் தியேட்டர்கள், 200 படுக்கைகள். 2022-இல் செனெகலின் டக்கார் துறைமுகத்துக்கு வந்த அது, 2023-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போனது. எல்லா அறுவை சிகிச்சையும் இலவசம்.

கப்பலுக்கு வரும் நோய்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைப் பேச முடியாது. தாடை எலும்பில் வரும் ஒரு வகைக் கட்டி புற்றுநோய் கிடையாது. மருத்துவ வசதியுள்ள ஊரில் நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டுக் கிராமத்தில் எடுக்க ஆள் இல்லாததால் அது ஆண்டுக்கணக்கில் வளர்ந்து முகத்தையே விழுங்கும். பல்லைத் தள்ளும், நாக்கை நெருக்கும், கடைசியில் சோறு இறங்காமலும் மூச்சு வராமலும் சாகடிக்கும். அதற்கு முன்பே, சாபம் பிடித்தவர் என்று ஊர் ஒதுக்கிவிடும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ராத்திரியில் மட்டும் வெளியே வருபவர்கள் உண்டு. பிளவுபட்ட உதட்டோடு பிறந்து பால் குடிக்க முடியாமல் எலும்பாகிப்போன கைக்குழந்தைகள் வருவார்கள். அவர்களை உடனே அறுக்க முடியாது, முதலில் எடை ஏற்ற வேண்டும். அடுப்பில் விழுந்து கை மார்போடு ஒட்டிப்போன பிள்ளைகள், வில்லாய் வளைந்த காலோடு நடக்கும் பிள்ளைகள் வருவார்கள். நாட்கணக்கில் நீண்ட பிரசவத்தில் குழந்தையையும் இழந்து, உள்ளே கிழிந்துபோய் ஓயாமல் சிறுநீர் கசியும் பெண்களும் வருவார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் ஈரம் காய்ந்து அவர்கள் புறப்படும் நாளில் புது உடை கொடுத்துப் பாட்டும் ஆட்டமுமாய் அனுப்பிவைப்பது கப்பலின் பழக்கம். பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று 2015-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. மலேரியாவும் எய்ட்ஸும் காசநோயும் பெற்ற கவனத்தில் கொஞ்சம்கூட இதற்குக் கிடைத்ததில்லை.

சரி, இந்தக் கப்பலில் பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை? கத்தி எடுக்கத் தெரியாது, ஊசி போடத் தெரியாது. அவளைச் சமையற்கட்டில் போடுவார்கள். அல்லது சலவைக்கு, தரை துடைக்க, டெக்கில் துரு சுரண்டிச் சாயம் பூச, சாமான் கிடங்கில் பெட்டி அடுக்க, வரவேற்பு மேசையில் உட்கார. கப்பலில் வாழும் பல நூறு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். விடியும் முன்பே எழுந்து, தலைமயிருக்கு வலை கட்டி, வழுக்காத பூட்ஸ் மாட்டிக்கொண்டு முட்டையும் வெங்காயமும் மூட்டை மூட்டையாகக் கையாள வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பெருந்தட்டுகள், அண்டாக்கள். கழுவி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். இரவு படுப்பது நாலைந்து பேரோடு பகிர்ந்துகொள்ளும் ஜன்னலில்லாத கேபினில், திரைச்சீலை மறைத்த ஒரு பெர்த்தில். குளியலுக்குத் தண்ணீர் இரண்டு நிமிடம்தான் என்பது பல காலமாக இருந்த விதி. தீ விபத்துப் பயிற்சிக்கு மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் நிற்க வேண்டும். மது கிடையாது. பக்கத்துப் பெர்த்தில் இருப்பவளின் நாடு வேறு, சபை வேறு, தூங்கும் பழக்கம் வேறு. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரு இரும்புக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் வாழும்போது வரும் சில்லறைச் சண்டைகளை அன்றன்றே தீர்த்துக்கொள்ளாமல் அடுத்த நாள் வேலை ஓடாது.

இதையெல்லாம் கொடுமை என்று நான் சொல்லவில்லை. கப்பலில் ஏசி உண்டு, நூலகம் உண்டு, நல்ல காபிக் கடையும் உண்டு. அதைச் சுட்டிக்காட்டி, இது என்ன தியாகம் என்று கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தியாகம் என்று அந்தப் பிள்ளைகள் யாரும் உரிமை கோரவில்லையே! அவர்கள் செய்வது வேலை. வேலைக்கு நடுவில் காபி குடிப்பதால் வேலை பொய்யாகிவிடாது.

தாடைக் கட்டி அறுவை மணிக்கணக்கில் நடக்கும். அது நடக்க சர்ஜன் வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், செவிலியர் வேண்டும். எந்திர அறையில் ஜெனரேட்டர் நிற்காமல் ஓட வேண்டும். கிருமிநீக்கம் செய்த துணி வேண்டும், அதைத் துவைத்த கை வேண்டும். சர்ஜனின் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும், இல்லாவிட்டால் அவர் குடும்பத்தோடு வந்து ஆண்டுக்கணக்கில் தங்க மாட்டார். இவர்கள் எல்லோருக்கும் சோறு வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு பெரிய மருத்துவரும் பாத்திரம் கழுவுகிறவரும் சம்பளமில்லாத தொண்டர்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே மாதாமாதம் பணம் கட்டி வேலை செய்வதுதான் நெடுங்காலம் அங்கே வழக்கமாக இருந்தது. நோயாளியிடம் ஒரு பைசா வாங்காமல் ஒரு ஆஸ்பத்திரி ஓடுவதன் பின்னால் இருக்கும் ரகசியம் இதுதான். "உன்னால் என்ன பயன்" என்று அந்தப் பெண்ணைக் கேட்பவர்கள், அவள் கழுவிய தட்டில் யார் சாப்பிட்டார் என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கடலில் மிதக்கும் ஆஸ்பத்திரியில் பெரிய ரத்த வங்கியை வைத்திருக்க முடியாது. அதனால் ஊழியர்களே நடமாடும் ரத்த வங்கி. ரத்தப் பிரிவைப் பரிசோதித்துப் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பார்கள். அறுவையில் ரத்தம் தேவைப்படும்போது அழைப்பு வரும். சமையற்கட்டிலிருந்தோ எந்திர அறையிலிருந்தோ கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த ரத்தம் சூடு ஆறும் முன்பே சில தளங்களுக்கு அப்பால் மேசையில் கிடப்பவருக்குள் இறங்கும். இப்போது சொல்லுங்கள், டிக்கெட் காசை அனுப்பியிருந்தால் இது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்?

அந்தக் காசு வாதத்தை நேராகவே பார்ப்போம். தொண்டர் போகாவிட்டால் அவர் செலவழிக்கும் தொகை அப்படியே ஏழை நாட்டுக்குப் போய்விடும் என்ற கற்பனையில்தான் அது நிற்கிறது. அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது? அத்தை கொடுத்தது, ஞாயிறு பள்ளி ஆசிரியை கொடுத்தது, கூடப் படித்தவர்கள் சேர்த்தது, கோடை விடுமுறையில் கடையில் நின்று அவள் சம்பாதித்தது. தங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் போகிறாள் என்பதற்காகத் திறந்த பைகள் அவை. அவள் போகாவிட்டால் ஃப்ரீடவுனில் கிணறு வெட்டப்படாது, பைகள் மூடிக்கொள்ளும். அப்படியே பணம் போய்ச் சேர்ந்தாலும், சர்ஜனே இல்லாத ஊரில் அது எந்த சர்ஜனை வாங்கும்? லட்சம் பேருக்கு அறுவை, மயக்க மருந்து, மகப்பேறு நிபுணர்கள் 20 பேராவது வேண்டும் என்று அதே லான்செட் ஆணையம் சொன்னது. பத்தாண்டுக்கும் மேல் நீண்ட உள்நாட்டுப் போரை 2002-இல்தான் முடித்து, 2014-இல் எபோலாவிடம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் பறிகொடுத்த சியரா லியோன் அந்த எண்ணுக்கு அருகில்கூட இல்லை. அங்கே பற்றாக்குறை பணத்துக்கு மட்டும் இல்லை, கைகளுக்கும் இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு, அதை எதிர்த்தரப்பு அடிக்கடி கேட்பதில்லை. பாத்திரம் கழுவ நெதர்லாந்திலிருந்தோ கனடாவிலிருந்தோ ஏன் ஆள் வர வேண்டும்? ஃப்ரீடவுனில் வேலையில்லாத இளைஞர்கள் இல்லையா? இது நியாயமான கேள்வி. கப்பலும் இதற்குப் பாதியளவு பதில் சொல்லியிருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும் காலமெல்லாம் சுமார் இருநூறு உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். வார்டில் கிரியோ, தெம்னே, மெண்டே மொழிகளில் நோயாளியோடு பேசுவது அவர்கள்தான், நோயாளிகளுக்கு ஊர்ச்சுவையில் சோறும் குழம்பும் ஆக்குவதும் அவர்கள்தான். அவர்கள் இல்லாமல் ஆஸ்பத்திரி ஒரு நாள்கூட நடக்காது. ஆனால் கப்பலை நாட்டுக்கு நாடு ஓட்டிப்போகவும், நடுராத்திரித் தீ விபத்தில் ஆளை வெளியேற்றவும், கப்பலிலேயே வாழும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேண்டும். உள்ளூர்க்காரர் செய்யக்கூடிய வேலையை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. அந்தப் பங்கு இன்னும் பெருக வேண்டும். மடகாஸ்கரில் உலக சுகாதார அமைப்பின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை அந்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கே போய்க் கற்றுக்கொடுத்ததுபோல், மருத்துவர்களுக்கும் மயக்க மருந்துப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுப்பது கப்பலின் முதல் வேலையாக வேண்டும். கப்பல் போனபின் ஊரில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், அவர்கள் கேட்டதால்தான் இவ்வளவாவது நடந்தது. ஆனால் அந்தக் கேள்வி சமையற்கட்டில் நிற்கும் பெண்ணைக் குற்றவாளியாக்காது. இன்று தாடைக் கட்டியால் சாகக் கிடப்பவர், நாளை வரப்போகும் உள்ளூர் சர்ஜனுக்காகக் காத்திருக்க முடியாது.

அடுத்த குற்றச்சாட்டு: கொடுப்பதைவிட வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆமாம், வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதிலென்ன வெட்கம்? வேலை முடிந்து சாயங்காலம் அவள் வார்டுக்குப் போகலாம். நோயாளி ஒருவரைத் தனக்கென்று பொறுப்பெடுத்துக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்க்கும் ஏற்பாடு அங்கே உண்டு. கட்டிலுக்குக் கீழே விரித்த மெத்தையில் நோயாளியின் தாய் படுத்திருப்பாள். பொது மொழி இருக்காது. சீட்டு விளையாடுவார்கள், மரக்கட்டை அடுக்கி விளையாடுவார்கள், நகத்துக்குச் சாயம் பூசுவார்கள். முகம் பாதி கட்டு போட்டிருக்கும் ஒரு மனிதரின் பக்கத்தில் முகம் சுளிக்காமல் அரைமணி உட்கார்வது எப்படி என்று எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுப்பதில்லை. பார்க்க வாருங்கள், கற்றுக்கொள்ள வாருங்கள் என்று இல்லிச் சொன்னாரே, அதை இவ்வளவு பணிவோடு செய்ய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவள் கற்றுக்கொள்ளும் கடினமான பாடம் வேறு. எந்தத் துறைமுகத்திலும் கப்பலால் எடுத்துக்கொள்ள முடிந்தவர்களைவிட முடியாதவர்கள்தான் அதிகம். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நாட்களில் விடியும் முன்பே வரிசை நிற்கும். 2011-இல் ஃப்ரீடவுன் மைதானத்தில் அப்படிக் கூடிய கூட்டம் வாசலில் முண்டியடித்ததில் ஒருவர் இறந்தே போனார். அந்த வரிசையில் தண்ணீர் கொடுக்க நிற்கும் இளம் தொண்டர், முற்றிய புற்றுநோயோடு நெடுந்தூரம் வந்தவரிடம் செவிலி "எங்களால் முடியாது" என்று சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்பார். மீட்பர் ஆசை உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. எல்லோரையும் காப்பாற்ற முடியும் என்று நினைத்து வந்த பிள்ளை, தன் அளவு என்ன என்று அங்கேதான் தெரிந்துகொள்கிறது.

இப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வருவதே இல்லை. கேரி பார்க்கர் என்ற அமெரிக்கத் தாடை அறுவை நிபுணர் 1980-களின் பிற்பகுதியில் சில மாதங்களுக்கென்று அனஸ்தாசிஸில் ஏறினார். மணம் முடித்து, கப்பலிலேயே பிள்ளைகளை வளர்த்து, முப்பதாண்டுக்கு மேல் அங்கேயே அறுவை செய்தார். நம் ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் படித்த ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் மிஷனரிகளாயிருந்த பெற்றோரைப் பார்க்க வந்தபோது அவருக்கு மருத்துவம் தெரியாது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறப்பதைப் பார்த்தார். திரும்பிப்போய்ப் படித்து, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) அதிலிருந்து வந்தது. ஒன்றும் தெரியாத இளம்பெண்ணுக்குத் திண்டிவனத்தில் என்ன வேலை என்று அன்றைக்கு யாராவது அவரைக் கப்பலேற விடாமல் தடுத்திருந்தால், வேலூர் ஆஸ்பத்திரியின் கதவைத் தட்டிய எத்தனை குடும்பங்கள் எங்கே போயிருக்கும்?

மதமாற்றத்துக்கு வலை விரிக்கிறார்கள் என்பது மிச்சமிருக்கும் குற்றச்சாட்டு. கினி நாட்டில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள், செனெகலில் கிட்டத்தட்ட எல்லோருமே முஸ்லிம்கள். இரண்டு நாட்டு அரசுகளும் அழைத்து, ஒப்பந்தம் போட்டுத்தான் கப்பல் அங்கே நின்றது. 2022-இல் டக்காரில் குளோபல் மெர்சியை வரவேற்க செனெகல் ஜனாதிபதியே வந்தார். கட்டி யாருக்கு என்று பார்த்து எடுப்பார்களே தவிர, யாரைத் தொழுகிறார் என்று பார்த்து எடுப்பதில்லை. அதற்காகத் தொண்டர்கள் தங்கள் விசுவாசத்தை மூடி மறைப்பதும் இல்லை. காலையில் ஜெபிக்கிறார்கள், ஞாயிறன்று ஆராதிக்கிறார்கள், யாராவது ஏன் வந்தாய் என்று கேட்டால் இயேசுவுக்காக என்று சொல்கிறார்கள். இதைக் குற்றம் என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. சம்பளமில்லாமல், சொந்தக் காசைச் செலவழித்து, மாதக்கணக்கில் அண்டா கழுவ ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தும் வேறு ஏற்பாடு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். வரவேற்போம், அவர்களுக்கும் கப்பலில் இடம் இருக்கும். சீடர்களின் காலைக் கழுவியவரைக் கர்த்தர் என்று கொண்டவர்கள் பாத்திரம் கழுவப் போவதில் மறைமுகத் திட்டம் தேட வேண்டியதில்லை, அதுதான் அவர்களுடைய வெளிப்படையான திட்டம்.

இவ்வளவு நேரம் வெளியே இருப்பவர்களோடு வழக்காடினேன். சபைகளோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. இந்தத் தவறான தீர்ப்புக்கு உரம் போட்டவர்கள் நாம்தான். திரும்பி வந்த பிள்ளையை மேடையேற்றி ஐந்து நிமிடம் கொடுத்து, நாம் எதைக் கேட்க விரும்புகிறோம்? சிங்கத்தின் வாயிலிருந்து தப்பிய கதையை, கூட்டங்கூட்டமாக மனந்திரும்பிய கதையை. வெங்காயம் உரித்ததைச் சொன்னால் முகம் வாடுகிறது. கேபின் தோழியோடு போட்ட சண்டையை மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்ததைச் சொன்னால், அது சாட்சியா என்று யோசிக்கிறோம். சாகசத்தை மட்டும் கைதட்டி வளர்த்தால், தனியாகத் துடுப்புப் போட்டுப் போகிறவர்கள்தான் உருவாவார்கள். அப்படிப் போய் இறந்த இளைஞரைத் தியாகி என்று சில மேடைகள் கொண்டாடின. வெளியிலிருந்து வரும் நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியில்லாத ஒரு சிறு இனத்தின் கரையில், சட்டத்தை மீறி இறங்கியதை விசுவாசத்தின் உச்சம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பாவம். அவர்களுக்குக் காட்ட வேண்டிய முன்மாதிரிகள் சமையற்கட்டிலும் சலவை அறையிலும் பெயர் தெரியாமல் நிற்கிறார்கள்.

ஆகவே பெற்றோரிடமும் போதகர்களிடமும், நல்லெண்ணத்தோடு புத்தி சொல்லும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை மிஷன் பணிக்குப் போகிறேன் என்று வந்து நின்றால், டிக்கெட் காசைப் பற்றிப் பேசாதீர்கள். அங்கே நீ யாருக்குக் கீழே வேலை செய்வாய், நீ தவறு செய்தால் உன்னைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த ஊர் அரசும் மக்களும் உன்னை அழைத்தார்களா, உள்ளூர்க்காரர் ஒருவரின் கூலியை நீ பறிக்கிறாயா என்று கேளுங்கள். குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு வருவதாகச் சொன்னால் அனுப்பாதீர்கள். தானே தலைவராகப் போவதாகச் சொன்னால் கதவை அடைத்துவிடுங்கள். தேர்ந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கீழே, அழைத்த நாட்டில், யாரும் படம் எடுக்காத வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால், செலவில் ஒரு பங்கை உங்கள் கையால் கொடுத்து, ஜெபம் பண்ணி, அனுப்பிவையுங்கள்.